முகப்பருவும் அதன் பரிகாரமும்

முகத்திற் பருவோடு வந்து நிற்கும் மைந்தனை நோக்கி நம்மவருட் பெரும்பாலார் கூறும் விடை ஒன்றே: "இது வயதின் வேலை; தானாக மாறிவிடும்." இவ்விடை முற்றும் பொய்யன்று. பன்னிரண்டு பதின்மூன்று வயதிற் தொடங்கும் பரு, பலருக்கு இருபதைக் கடந்தபின் அடங்கிவிடுகின்றது. ஆயினும், அடங்குமுன் அது செய்துவிட்டுப் போவது யாது என்பதை இவ்விடை கூறுவதில்லை. ஆழமாக வீங்கிப் பழுத்த பரு ஆறும்போது தோலிற் குழியை விட்டுச் செல்லும். பரு தானாக மாறலாம்; குழி தானாக மாறுவதன்று. அன்றியும், "மாறிவிடும்" என்று நாம் எளிதாகச் சொல்லும் அந்த ஆறேழு ஆண்டுகளே, ஒரு பிள்ளை மேடையேறவும் நண்பரைத் தேடவும் தன் முகத்தைத் தானே அறியவும் தொடங்கும் ஆண்டுகள்.

இம்மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவருட் பலர் இன்று இவ்வயதுப் பிள்ளைகளின் தந்தையர், சிலர் பாட்டன்மார். யானோ நாள்தோறும் அப்பிள்ளைகளின் முகங்களுக்கு எதிரே நின்று இலக்கணமும் இலக்கியமும் கற்பிப்பவன். வைத்தியம் எனது தொழிலன்று. எனினும், முகப்பருவுக்குப் பயன்தரும் மருந்துகள் உண்டு என்பதும், அவை யாவை என்பதும், எவ்வளவு காலத்திற் பயன்தரும் என்பதும் இன்று ஐயத்துக்கிடமின்றித் தெளிந்துள்ள செய்திகளாதலின், அவற்றை ஓராசிரியன் எடுத்துக் கூறுவதிற் தவறில்லை என்று கருதுகின்றேன்.

பருத்து எழுவது பரு. சொல்லே பொருளை விளக்குகின்றது. ஆங்கிலர் இந்நோயைக் குறிக்கும் 'அக்னி' என்னுஞ் சொல் நம் செவிக்குத் தீக்கடவுளை நினைப்பூட்டினும், அதற்கும் இதற்கும் உறவில்லை. உச்சி, முனை எனப் பொருள்படும் 'அக்மே' என்னுங் கிரேக்கச் சொல்லை ஏடெழுதினோர் பிழைபட எழுதியதனால் வந்த உருவம் அது எனச் சொல்லாராய்ச்சியாளர் கூறுவர். ஏட்டுப் பிழைகளோடு மல்லாடும் நம்மனோர்க்கு இது சிறிது ஆறுதல் தருஞ் செய்தி.

இனி, பரு உண்டாகும் விதத்தைக் கூறுவாம். தோலில் மயிர் முளைக்குங் குழிகளோடு நெய்ச்சுரப்பிகள் இணைந்துள்ளன. முகம், நெஞ்சு, முதுகு ஆகிய இடங்களில் இவை பெரியனவாயும் நெருக்கமாயும் இருக்கும். பருவமெய்துங் காலத்தில் அந்திரோசன் எனப்படும் ஓமோன்கள் ஆண் பெண் இருபாலாரிடத்தும் பெருகி, இச்சுரப்பிகளைத் தூண்டுகின்றன; நெய் மிகுதியாகச் சுரக்கின்றது. அதே காலத்தில், குழியின் வாயிலில் உதிர்ந்து நீங்கவேண்டிய நுண்ணிய தோற்செதில்கள் நீங்காது ஒன்றோடொன்று ஒட்டி அடைப்பாகின்றன. அடைப்பின் பின்னே நெய் தேங்குகின்றது. எக்காலத்தும் நம் தோலிற் குடியிருக்கும் ஒருவகைப் பற்றீரியா, அந்நெய்யை உணவாகக் கொண்டு பல்குகின்றது. உடலின் காவல் அதனை எதிர்க்கச் செம்மையும் வீக்கமும் நோவும் சீழும் தோன்றுகின்றன. நெய், அடைப்பு, பற்றீரியா, அழற்சி என்னும் இந்நான்கனுள் எதனை எம்மருந்து தடுக்கின்றது என்பதை அறிந்தால், மருந்துகளின் பயன் எளிதில் விளங்கும்.

ஒன்றைச் சிறப்பாக மனத்திற் கொள்ளல் வேண்டும். இன்று காலையிற் கண்ணாடியிற் தோன்றிய பரு நேற்றிரவு பிறந்ததன்று. கண்ணுக்குப் புலனாகாத அடைப்பாய்ப் பல கிழமைகளுக்கு முன்னரே அது தொடங்கிவிட்டது. இன்று தெளிவாகத் தோன்றும் கன்னத்திலும் அடுத்த மாதத்துப் பருக்கள் இப்போதே உருவாகிக்கொண்டிருக்கின்றன. மருந்து காலந் தாழ்த்திப் பயன்தருவதற்குக் காரணம் இதுவே.

பரு அழுக்கினால் வருவதன்று. கரும்புள்ளியின் கருமை அழுக்கின் கருமையன்று. திறந்த குழியில் நிற்கும் அடைப்பு காற்றுப்பட்டுக் கறுத்த நிறமும் தோலின் நிறப்பொருளுமே அது. ஆதலால், நாளைக்கு ஆறுமுறை சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பதனால் அது நீங்காது. தோல் வரண்டு எரிச்சலே மிகும். காலையும் மாலையும் மென்மையான சவர்க்காரத்தாற் தேய்க்காமற் கழுவுதலே போதும். பரு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதுமன்று. விடுதியில் ஒரே துவாயைப் பாவித்தான் என்று ஒருவனைப் பழிப்பது அறியாமை. மனத்தில் தீய எண்ணம் உடையார்க்கே பரு எழும் என்றொரு பேச்சும் நம்மூரிற் கேட்டதுண்டு. அது ஒரு பிள்ளையின் முகநோயோடு மனநோயையுஞ் சேர்த்துக் கொடுக்கும் பேச்சு.

தலைக்கு எண்ணெய் வைப்பதைப் பற்றி ஒரு சொல். நெற்றியோரத்தில் மட்டும் சிறு பருக்கள் வரிசையாகத் தோன்றினால், தலையெண்ணெய் வழிந்து அவ்விடத்துக் குழிகளை அடைப்பது காரணமாயிருக்கலாம். தலைமயிர்ப் பூச்சுகளால் வரும் இவ்வகைப் பருவை அமெரிக்கத் தோல்வைத்தியர் 1970 இல் தனியாக எடுத்து விளக்கினர். எண்ணெயை அடியோடு விடவேண்டுவதில்லை. நெற்றிக்கு இறங்காமற் பார்த்துக்கொண்டாற் போதும்.

வீட்டு வைத்தியங்களுட் சந்தனமும் மஞ்சளும் பெரிய தீங்கு செய்வனவல்ல. பெரிய பயன் செய்வனவுமல்ல. தேசிக்காய்ச் சாறு அத்தகையதன்று. அதனைப் பூசிக்கொண்டு வெயிலிற் போனால் தோல் வெந்து கொப்புளித்துக் கறுக்கும். அக்கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும். பற்பசை பூசுதலும் எரிச்சலையே தரும். ஆயினும் இவையெல்லாம் சிறு பிழைகள். பெரும் பிழை கடையில் விற்கும் வெள்ளைப் பூச்சுகளால் வருவது.

சில ஆண்டுகளுக்கு முன் எனது வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். பேச்சுப் போட்டிகளிற் பரிசு வாங்கியவன், பதினோராம் வகுப்பில் மேடையேற மறுத்தான். பின்வரிசையிற் சுவரோடு சாய்ந்து, ஒரு கையாற் கன்னத்தை மறைத்தபடியே பாடங் கேட்டான். தனியே அழைத்து வினவியபோது, சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு கிறீமை எடுத்துக் காட்டினான். நண்பன் சொல்ல வாங்கியதாம். முதல் இரண்டு கிழமை முகம் பளிச்சென்று தெளிந்ததாம். "இப்ப பூசினால் அடங்குது சேர், விட்டால் எரியுது" என்றான். வைத்தியச் சீட்டின்றி வாங்கிய அப்பூச்சில் இருந்தது பீற்றாமெதசோன் என்னும் ஸ்டீரொயிட்டு.

அவன் சொன்ன அவ்வொரு வாக்கியத்தில் இந்நோயின் முழு இலக்கணமும் அடங்கியுள்ளது. பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் முதலிய வலிய ஸ்டீரொயிட்டுகள் அழற்சியை விரைந்து அடக்குவன. வேறு தோல்நோய்களுக்கு வைத்தியர் அளவறிந்து கொடுக்கும்போது அவை நன்மருந்துகள். முகத்திற் கிழமைக்கணக்காகப் பூசினாலோ, தோல் மெலிந்து இரத்த நாளங்கள் வெளித் தோன்றும். புதிய பருக்கள் கூட்டங்கூட்டமாக எழும். நிறுத்தினால் முகம் முன்னிலும் சிவந்து எரியும். அந்த எரிச்சலுக்கு அஞ்சிப் பிள்ளை மீண்டும் அதனையே பூசுவான். நிறத்தை வெளுப்பிக்கும் எனக் கூறி விற்கும் பூச்சுகள் சிலவற்றில் ஸ்டீரொயிட்டு மட்டுமன்றிப் பாதரசமுங் கலந்திருப்பது பல நாடுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. பாதரசம் தோல்வழி உட்சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கும். எனவே, பிள்ளையின் முகத்தைப் பார்க்குமுன் அவன் பூசும் கிறீமின் மேலெழுத்தைப் பாருங்கள். உள்ளடக்கம் அச்சிடப்படாத பூச்சு எதுவும் முகத்துக்கு ஆகாது. நாட்கணக்காகப் பூசிய ஸ்டீரொயிட்டை எவ்வாறு விடுவது என்பதை வைத்தியரிடமே கேட்டறிதல் வேண்டும். அம்மாணவன் பெற்றோரோடு அரசினர் வைத்தியசாலையின் தோல்நோய்ப் பிரிவுக்குச் சென்றான். முகம் தேற ஓராண்டு சென்றது.

உணவைப் பற்றிய வாதம் பழையது. அமெரிக்காவில் 1969 இல் 65 பேருக்குச் சொக்கலேட்டையும், சொக்கலேட்டுப் போன்ற வேறொரு தின்பண்டத்தையும் மாறிமாறிக் கொடுத்துப் பார்த்து, பருவுக்கும் சொக்கலேட்டுக்குந் தொடர்பில்லை என்று முடிவுகட்டினர். பின்வந்தோர், அவ்விரு பண்டங்களிலும் சர்க்கரையும் கொழுப்பும் ஏறக்குறைய ஒரேயளவாய் இருந்தமையால் அச்சோதனை எதனையும் நிறுவவில்லை என்றனர். 2002 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பப்புவா நியூகினியைச் சேர்ந்த கிற்றாவாத் தீவில் 1,200 பேரைப் பரிசோதித்தும் ஒருவர் முகத்திலேனும் பரு காணப்படவில்லை எனக் கூறிற்று. அத்தீவினர் கிழங்கும் மீனும் பழமும் தேங்காயும் உண்பவர். தேங்காய்மேற் குற்றஞ் சுமத்துவோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக. பரம்பரையும் இதற்குக் காரணமாயிருக்கலாமன்றோ என்று கேட்டற்கும் இடமுண்டு. அவுஸ்திரேலியாவில் 2007 இல் 43 இளைஞரை வைத்து நடத்திய சோதனையில், இரத்தச் சர்க்கரையை விரைந்து உயர்த்தாத உணவை 12 கிழமை உண்டவர்க்குப் பரு குறைந்தது. இவற்றால் யான் கொள்ளும் முடிவு இது: இனிப்புப் பானத்தையும் பணிஸையும் குறைப்பது நன்று, ஆனால், பத்தியமே வைத்தியமென்று கருதிப் பிள்ளையின் வயிற்றைத் தண்டிப்பது தகாது. உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்லும் இளைஞர் உடல் பருக்க உட்கொள்ளும் ஸ்டீரொயிட்டு மாத்திரைகளோ பருவைப் பெருக்குவன என்பதில் ஐயமில்லை.

இனி மருந்து. மேற்பூச்சுகளுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று பென்சோயில் பரவொட்சைட்டு. அது பற்றீரியாவைக் கொல்லும். அடைப்பையும் ஓரளவு இளக்கும். பற்றீரியா இதற்குப் பழகி எதிர்த்து நிற்பதில்லை என்பது இதன் தனிச்சிறப்பு. 2.5, 5, 10 வீத அளவுகளிற் கிடைக்கும். 10 வீதமே வலியது என எண்ணி அதனை வாங்குவோர் பலர். 2.5 வீதம் ஏறக்குறைய அதற்கு ஈடான பயனைக் குறைந்த எரிச்சலோடு தரும் என்பது 1980களிலேயே காட்டப்பட்டது. இம்மருந்து துணியின் சாயத்தை வெளுப்பிக்கும் இயல்புடையது. தலையணை உறையிலும் பாடசாலைக் கழுத்துப்பட்டியிலும் வெள்ளைத் திட்டுக்கள் கண்டு தாய்மார் திகைப்பதுண்டு. இரவில் வெள்ளை உறை போடுவதே அதற்கு வழி.

மற்றையது விற்றமின் ஏயின் வழிவந்த ரெற்றினோயிட்டுகள். இவை அடைப்பையே உண்டாகாமற் தடுப்பன; அழற்சியையும் தணிப்பன. இவ்வினத்தின் முன்னோடியாகிய ட்ரெற்றினோயினைப் பருவுக்கு வழங்கியவர் அமெரிக்கரான அல்பேட் கிளிக்மன், ஆண்டு 1969. மருந்து நல்லது, அவர் சென்ற வழி நல்லதென்று சொல்ல நாவெழவில்லை. பிலடெல்பியா நகரின் ஹோம்ஸ்பேக் சிறைச்சாலைக் கைதிகளின் உடலில் அவர் ஆண்டுக்கணக்காகச் சோதனைகள் நடத்தினார். அவை 1974 இல் நின்றன. அவர் பணிசெய்த பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பீடம் 2021 இல் மன்னிப்புக் கோரியது. இன்று இளைஞர்க்குப் பெரிதும் கொடுக்கப்படுவது இவ்வினத்தின் பிற்காலத்ததும் எரிச்சல் குறைந்ததுமான அடப்பலீன். பென்சோயில் பரவொட்சைட்டோடு சேர்ந்தாலும் இது சிதைவதில்லையாதலால், இரண்டும் ஒரே பூச்சாகவும் கிடைக்கின்றன.

பூசும் முறையிலேயே பெரும்பாலார் பிழைபடுகின்றனர். எழுந்த பருவின்மேற் பொட்டிட்டாற்போல் வைப்பது முறையன்று. நாளைய பரு மறைந்திருக்கும் இடம் முழுவதும் மெல்லியதாகப் பூசல் வேண்டும். முழு முகத்துக்கும் ஒரு பட்டாணிக் கடலையளவே போதும். இரவில், கழுவி நன்றாக உலர்ந்த முகத்திற் பூசுக; கண், உதடு, மூக்கின் மடிப்பு ஆகியவற்றை விலக்குக. முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்கி, தோல் பழகியபின் நாள்தோறும் ஆக்கலாம். வரட்சிக்கு எண்ணெய்ப்பசையற்ற ஈரப்பூச்சு உதவும்.

இங்கேதான் காலம் வந்து நிற்கின்றது. முதற் கிழமைகளில் முகம் சிவக்கும், உரியும், சிலருக்குப் பரு சற்றே கூடியது போலவுந் தோன்றும். மூன்றாங் கிழமையில் மைந்தன் கண்ணாடியைப் பார்த்து, "இதுவும் சரிவராது" என்று மருந்தை மேசைக்குள் எறிந்துவிடுவான், புதியதொன்றைத் தேடுவான், அதனையும் மூன்றாங் கிழமையில் எறிவான். நல்ல மருந்துகள் நான்கைப் பாவித்தும் பயனில்லை என்று சொல்லும் பிள்ளையை விசாரித்தால், நான்கில் ஒன்றைத்தானும் இரண்டு மாதம் பூசியிருக்க மாட்டான். பிரித்தானியாவின் தேசிய வழிகாட்டி 2021 இல் வகுத்த முறையும் 12 கிழமை தொடர்ந்து பூசியபின்னரே பயனை மதிப்பிடுக என்பதாகும். தந்தையோ தாயோ உதவக்கூடிய இடம் இது. தொடங்கும் நாளில் ஒரு படம் எடுத்து வைத்து, நாட்காட்டியிற் பன்னிரண்டாங் கிழமையைக் குறித்துவிடுங்கள். இடையில் நாள்தோறும் முகத்தை ஆராயாதீர்கள். அந்நாளில் இரு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கண்ணாடி காட்டாததைப் படம் காட்டும். பயன் கண்டபின்னும் மருந்தை உடனே விட்டால் அடைப்பு மீளும். எவ்வளவு காலந் தொடர்வது என்பதை வைத்தியர் சொல்வார்.

நெஞ்சிலும் முதுகிலும் பரு பரந்தாலும், தோலுக்குள் உருண்டையாக நொந்து திரண்டாலும், ஓரிடத்திலேனும் குழி விழத் தொடங்கினாலும், 12 கிழமையைக் காத்திருக்க வேண்டா. உடனே வைத்தியரைக் காணுதல் வேண்டும். பெரிய அரசினர் வைத்தியசாலைகளிலுள்ள தோல்நோய்ப் பிரிவுகளிற் கட்டணமின்றிப் பார்ப்பர். வைத்தியர் டொக்சிசைக்கிளின் போன்ற நுண்ணுயிர்கொல்லி மாத்திரையைச் சில மாதங்களுக்கு மேற்பூச்சோடு சேர்த்துக் கொடுக்கக்கூடும். அதனை நிறையத் தண்ணீரோடு விழுங்கவேண்டும். விழுங்கியவுடன் படுத்தால் தொண்டைக்குழாய் புண்படும். வெயிலும் கூடுதலாகச் சுடும். கிளிண்டமைசின் பூச்சைத் தனியாகப் பாவித்தால் பற்றீரியா அதற்குப் பழகிவிடுமாதலின், பென்சோயில் பரவொட்சைட்டு முதலியவற்றோடு சேர்த்தே கொடுப்பர்.

இவற்றுக்கும் அடங்காத கொடிய பருவுக்கு ஐசோட்ரெற்றினோயின் என்னும் மாத்திரை உண்டு. 1979 இல் வெளிவந்த முதல் ஆய்விலே, வேறெதற்கும் அடங்காத 14 நோயாளருள் 13 பேருக்கு முகம் முற்றாகத் தெளிந்தது. நெய்ச்சுரப்பியையே ஒடுக்கும் மருந்து இது. ஆற்றல் எவ்வளவோ அவ்வளவு எச்சரிக்கையும் வேண்டும். கருவுற்றோர் உட்கொண்டால் சிசுவுக்குக் கொடிய ஊனங்களை விளைக்கும், இரத்தக் கொழுப்பையும் ஈரலையும் பரிசோதிக்க வேண்டும், உதடு வெடிக்கும், மனநிலையையும் கவனித்துவர வேண்டும். தோல்நோய் நிபுணரின் கண்பார்வையிலன்றி இதனை உட்கொள்ளல் ஆகாது. பெண்பிள்ளைகட்குப் பருவோடு மாதவிடாய் ஒழுங்கீனமும் முகத்தில் மயிர் மிகுதியும் இருந்தால், அதனையும் வைத்தியரிடம் தயங்காது கூறல் வேண்டும்.

மனத்தைப் பற்றிக் கூறாது விடுதல் இயலாது. நோர்வே நாட்டின் ஒஸ்லோ நகரில் பதினெட்டு, பத்தொன்பது வயதினர் 3,775 பேரிடம் விசாரித்து 2011 இல் வெளியிட்ட ஆய்வில், பரு மிகுதியாக உள்ளவரிடத்தே உயிரை மாய்க்கும் எண்ணம், பரு குறைந்தாரிடத்தினும் ஏறக்குறைய இருமடங்காகக் காணப்பட்டது. நாமோ கலியாண வீட்டிற் பலர் நடுவே, "தம்பி, என்ன முகமெல்லாம் இப்பிடி?" என்று கேட்கின்றோம். கேட்பவர் அன்பினாலேயே கேட்கின்றார். கேட்கப்பட்டவன் அடுத்த கலியாணத்துக்கு வருவதில்லை. பருவைப் பற்றிப் பேசுவதாயின் தனியே பேசுக. பேசும்போது வைத்தியரிடம் போகும் நாளையுஞ் சேர்த்துப் பேசுக. பிள்ளை கூட்டத்தை விட்டு ஒதுங்கி, உறக்கமும் உணவும் குறைந்து, பாடசாலைக்கு வர மறுப்பானாயின், அதனை முகத்தின் செய்தியாக மட்டுங் கொள்ளாது, வைத்தியரிடம் மனநிலையையும் எடுத்துச் சொல்லல் வேண்டும்.

பரு ஆறியபின் எஞ்சுவன இரண்டு: கறுப்பும் குழியும். நம் போன்ற கருநிறத் தோலுடையார்க்குக் கறுப்புத் தழும்பு மிகுதி. அது மாதக்கணக்கில் நின்றாலும் மெல்ல மங்கும். ரெற்றினோயிட்டுப் பூச்சும் வெயிற்காப்புப் பூச்சும் அதற்குத் துணைசெய்யும். நகத்தாற் கிள்ளிப் பிதுக்கினால் கறுப்பும் கூடும், குழிக்கும் வழியாகும். விழுந்துவிட்ட குழிக்கு நுண்ணூசியாலும் லேசர்க் கதிராலும் செய்யும் சிகிச்சைகள் இன்று உள்ளன. அவற்றைப் பருக்கள் அடங்கியபின்னரே தொடங்குவர், பலமுறை செய்யவேண்டும், செலவும் மிகும். அவையும் குழியின் ஆழத்தைக் குறைக்குமேயன்றி, முன்னிருந்த தோலை மீட்டுத் தருவனவல்ல.